ரோஸ்மேரி இல்லாத வீட்டில் சோம்பு கேக்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
20-12-1958

பிரியமுள்ள பாரியாள் ரோஸ்மேரிக்கு, உன் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் நம் கோழிகளும் தேவ கிருபையால் சுகம். பொன்மலையில் நீயும், நிறைமாதமாக இருக்கும் நம் மகள் ஆனந்தமேரியும் சுகமென்று நம்புகிறேன். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். ரயில்வே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று தலைப்பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொண்டு, மாமியாரை மட்டும் வரச்சொல்லி, மாமனாருக்கென்று ஒரு வரி எழுதாத மனிதர் அவர். முறையாக அழைக்காத வீட்டுக்கு வரமாட்டேன் என்று ஸ்டேஷனில் உன்னிடம் சொன்னேனே, அதில் இன்றும் மாற்றமில்லை. தனியாக இருக்க எனக்குத் தெரியும். நீ ஈஸ்டர் வரைக்கும்கூட நிதானமாக இருந்துவிட்டு வரலாம். அதற்கு அத்தாட்சியாகத்தான் இதை எழுதுகிறேன்: நேற்று நானே சோம்பு கேக் செய்தேன்.

வருஷா வருஷம் நீ செய்வதைப் பார்த்தவன்தானே, பள்ளிக்கூடமே நடத்தியவனுக்கு ஒரு கேக் எம்மாத்திரம் என்று முட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து, மைதாவைச் சலித்து, அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளி வறுத்துப் போட்டேன். உடனே பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “என்ன வாத்தியாரையா, ரசமா வைக்கிறீக? வாசம் தெருவெல்லாம் தூக்குதே!” என்றாள். அப்போதுதான் தெரிந்தது, நான் போட்டது சீரகம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டப்பாக்களை ஒரே தட்டில் வைத்தது யார் குற்றம் என்று இப்போது கேட்கவில்லை. அந்த மாவைக் கோழிகளுக்கு வைத்தேன். அவையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. சோம்பு டப்பாவோ காலி. மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு மூக்கையா கடைக்குப் போய்ச் சோம்பு கேட்டேன். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா எடுத்தீக? சாமியாருக்குத் தெரிஞ்சா வையமாட்டாரா?” என்றார். “கறிக்கு இல்லை, கேக்குக்கு” என்றேன். “எங்கிட்ட என்ன கேக்கணும், கேளுங்க” என்று தராசைக் கீழே வைத்துவிட்டார். கடையிலிருந்த அம்புட்டுப் பேரும் நான் என்னமோ கேட்கப்போகிறேன் என்று என் வாயையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சோம்பை வாணலியில் போட்டேன். சூடேறி அந்த வாசனை கிளம்பியதும் கரண்டி ஓடவில்லை, ரோஸ்மேரி. கல்யாணம் முடிந்து உங்கள் ஊர் கொடைக்கானலிலிருந்து நாம் இறங்கிய பஸ் ஞாபகம் வந்தது. மலைப்பாதை வளைவுகளில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. புதுப் பெண்டாட்டி முன்னால் வாந்தி எடுப்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமலே, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் சோம்பை என் உள்ளங்கையில் வைத்து, “மென்னுக்கிட்டே வாங்க, வத்தலக்குண்டு வந்துரும்” என்றாய். அதற்கு முன் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாணலி முன்னால் நின்று நான் கண்ணைத் துடைத்தேன் என்று சிவனம்மாள் உனக்குச் சொல்லி அனுப்பினால் நம்பாதே. புகை.

பிறகு குண்டானில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, கேக் தட்டை உள்ளே வைத்து, மூடியின்மேல் கரி நெருப்பைக் கொட்டினேன். வெந்ததா என்று நான் செத்த நேரத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்க, ஒரு கங்கு விழுந்து வேட்டியில் ஓட்டை. கேக் எழும்பியது, நான் பார்த்ததும் கூச்சப்பட்டதுபோல் நடுவில் அமுங்கிவிட்டது. நடுப்பக்கம் களி, அடியில் கரி. ஓரம் மட்டும் தேறியது, ஆனால் கல். சிவனம்மாளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். வெகுநேரம் மென்றாள். “அக்கா செய்யிற ருசி இல்லைங்கய்யா. வாசம் மட்டும் அக்கா வந்தாப்புல இருக்கு” என்றாள்.

அவள் போனபின் நானும் ஓரத்தைக் கடித்தேன். நம் முதல் கிறிஸ்துமஸுக்கு நம்மிடம் ஒரே தட்டுதான். அன்றிலிருந்தே நீ கேக்கின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு நடுவை என் பக்கம் தள்ளுவாய். ஓரம்தான் பிடிக்கும் என்பாய். இத்தனை வருஷமாக அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓரம் யாருக்கும் பிடிக்காது என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

மற்றபடி இவ்விடம் ஒரு குறையும் இல்லை. என்னைப்பற்றிக் கவலைப்படாதே. மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவர் நம் மகளுக்குச் சுகப்பிரசவம் அருள்வாராக. பிறக்கும் பிள்ளைக்குத் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
உன் புருஷன்,
ஸ்தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தபாலைவிட ரயில் சீக்கிரம் போகும் என்பதால் நானே கொண்டு வருகிறேன். நீ இதைப் படிக்கும்போது உங்கள் வாசலில் பெட்டியோடு நிற்பேன். மாப்பிள்ளையை வெளியே வந்து “வாங்க மாமா” என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். வந்து நின்றபிறகு அழைத்தாலும் அது அழைப்புத்தான்.