நூற்றுக்கு நூறு வாங்கிய நாடு

எந்த வரைபடத்திலும் இல்லாத செம்பாலை நாட்டில் மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். ஒருவரே நிற்பார், அவரே ஜெயிப்பார். தோற்றுப்போய் யாரும் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

அந்நாட்டுப் பள்ளிகளில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. மாலை மணி அடிக்கும் முன், அன்று தனக்குப் புரியாததை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வகுப்புப் பானையில் போட வேண்டும். மறுநாள் பாடம் அந்தச் சீட்டுகளிலிருந்து தொடங்கும். மதிப்பெண் கிடையாது, ரேங்க் கிடையாது. யாருக்கு எது ஏறவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும் என்று அந்தக் காலத்து அப்பாவிகள் நினைத்திருந்தார்கள்.

மன்னர் மகிழ்கோ பட்டமேற்ற புதிதில் ஒரு பள்ளிக்குப் போய்ப் பானைக்குள் கைவிட்டார். நாற்பது சீட்டுகள் வந்தன.

"என் ஆட்சியில நாப்பது பேருக்குப் புரியலையா?" என்றார்.

"எழுத விட்டதாலதான் மன்னா அது வெளியில தெரிஞ்சுது," என்றார் ஆலோசகர். "எழுத விடலைன்னா எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்ச மாதிரிதான்."

மறுநாளே நாடெங்கும் பானைகள் பறிமுதலாயின. பதிலுக்குத் தினமும் மூன்று தேர்வுகள் வந்தன. தேர்வு வைத்து, திருத்தி, படிவம் நிரப்பி முடிப்பதற்குள் பொழுது போய்விட்டதால் பாடம் நடத்த நேரமில்லை. நடத்தாத பாடத்தில் பிள்ளைகள் தோற்றார்கள். எனவே விடைகளை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிப் போடும்படி இரண்டாம் ஆணை வந்தது. பார்த்து எழுதவும் சிலர் திணறியதால், விடைத்தாளில் கைநாட்டு வைத்தாலே நூறு என்றது மூன்றாம் ஆணை. நூற்றுக்குக் குறைவாகப் போடும் ஆசிரியர் நாட்டின் சராசரியைத் திருடியவர் ஆவார் என்றது நான்காவது.

நாற்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. ஆஸ்பத்திரியில் மருந்தை பாட்டில் நிறம் பார்த்துக் கொடுத்தார்கள். சிவப்பு பாட்டில் தீர்ந்த வாரம் காய்ச்சல்காரர்களுக்கு நீலம் கிடைத்தது, சிலர் பிழைத்தார்கள். பஸ்ஸில் ஏறியவர்கள் எந்த ஊர் வருகிறதோ அந்த ஊரில் இறங்கிக்கொண்டார்கள். எழுதும் எனக்கே வயிறு எரிகிறது. அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் நூறு வாங்கியவர்கள் அல்லவா.

இந்த நிலையில் கருங்கால்மேடு என்ற ஊரின் ஓராசிரியர் பள்ளிக்கு மரகதவல்லி டீச்சர் வந்தார். சிறுவயதில் பானையில் சீட்டுப் போட்டுப் படித்த கடைசிக் கூட்டத்தில் ஒருவர். பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு நூறு. வெள்ளத்தாயி என்ற பெண்ணை எழுப்பி, அவள் பெயரையே பலகையில் எழுதி, "இது என்ன?" என்று கேட்டார்.

"விடைய முதல்ல எழுதிப் போடுங்க டீச்சர், சொல்றேன்," என்றாள் வெள்ளத்தாயி.

அன்று மாலையே டீச்சர் சந்தையில் ஒரு பானை வாங்கினார். சீட்டு எழுதப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் வரிசையில் வந்து, புரியாததை டீச்சர் காதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். "எனக்கு ளவும் ழவும் ஒண்ணாத் தெரியுது" என்று சொன்னவள் வெள்ளத்தாயிதான். எட்டு மாதம் கழித்துப் பானையில் முதல் சீட்டு விழுந்தது. எழுத்துப் பிழையோடு கிடந்த அதைப் பார்த்து டீச்சர் அழுதுவிட்டார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் உண்மையான மதிப்பெண்களை அரண்மனைக்கு அனுப்பினார். முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று. நாட்டின் சராசரி நூறிலிருந்து ஒரு மயிரிழை இறங்கியது. தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்ததால், கல்வி அமைச்சர் திருமேனிநாதர் காவலர்களோடு ஜீப்பில் வந்திறங்கினார்.

பள்ளி வாசலில் ஊர் கூடியது. குற்றப்பத்திரிகையை மக்கள்முன் உரக்க வாசித்த பிறகே தண்டனை செல்லும் என்பது அந்நாட்டுச் சட்டம். அமைச்சர் கண்ணாடியை மறந்து வந்ததாகச் சொல்லிக் காகிதத்தைச் செயலரிடம் நீட்டினார். செயலருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அது காவலர்கள் கைக்குப் போய்விட்டு அமைச்சரிடமே திரும்பியது. எல்லோரும் நூறு வாங்கியவர்கள். அந்தக் காகிதத்தை எழுதிய பழைய எழுத்தர் அதோடு ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"இங்க வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார் அமைச்சர்.

வெள்ளத்தாயி எழுந்து வந்தாள். காகிதத்தை வாங்கி முதலில் மனதுக்குள் படித்தாள். அவள் முகம் மாறிவிட்டது. டீச்சரை விடுதலை செய்கிறோம் என்று அவள் சொல்லியிருந்தால், பொய் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. டீச்சரைப் பார்த்தாள்.

"எழுதியிருக்கிறத வாசிம்மா," என்றார் மரகதவல்லி. "ஒரு எழுத்து கூட்டாத, ஒரு எழுத்து குறைக்காத."

வெள்ளத்தாயி வாசித்தாள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லப் பிள்ளைகளைத் தூண்டிய குற்றத்துக்காக, மரகதவல்லி இன்றே நாடு கடத்தப்படுகிறார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் தேதி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

கூட்டத்திலிருந்து சடையாண்டி என்ற விவசாயி முன்னால் வந்து மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"பாப்பா, உன் டீச்சருக்கே பாதகமா இருக்கிறத மறைக்காம வாசிச்ச. நீ சொன்னா நான் நம்புவேன். ஏரியத் தூர் வாரப் போறோம்னு சொல்லிப் போன வருசம் இதுல கைநாட்டு வாங்கினாங்க. என்ன எழுதியிருக்குன்னு பாரு."

அவள் வாசித்தாள். ஏரியும் கரையும் மன்னரின் மைத்துனருக்கு என்றென்றைக்கும் சொந்தம் என்று அதில் இருந்தது.

ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்கு ஓடினார்கள். பெட்டியிலும் பரணிலும் கிடந்த காகிதங்களோடு திரும்பி வந்து வரிசை கட்டினார்கள். வாசிக்கத் தெரிந்த மற்ற முப்பது பிள்ளைகளும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மரகதவல்லியை ஏற்றுவதற்காக நின்ற ஜீப்பைச் சுற்றிலும் ஜனம். அது நகர வழியில்லை.

"கலைஞ்சு போங்க. காவலர்களே, அந்தம்மாவை வண்டியில ஏத்துங்க," என்றார் அமைச்சர்.

திரும்பிப் பார்த்தார். தலைமைக் காவலர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன்னுடைய பணி உத்தரவைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றிருந்தார்.

"எனக்கு முன்னாடி பதினோரு பேர் இருக்காங்கய்யா," என்றார் அவர். "என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்."