வாத்தியக் குழுவில் வின்சென்ற்

"அண்ணை, வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு மூண்டு டிக்கற் எடுத்துப்போட்டன். உங்கட வேலையையும் ஒருக்கால் கண்ணால பாத்திட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து மிச்சத்தைக் கதைப்பம்."

மாசி என்ற புறநகரிலிருந்து மத்தியூ ரெலிபோனில் இப்படிச் சொன்னதும் வின்சென்ற் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைத் தேடினார்.

மிச்சம் என்றால் மகள் றோஷினியின் கலியாணம். மத்தியூவின் மகன் டெஸ்மனுக்கு றக்பி கிளப்பில் வேலை. றக்பிக்காரருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கிளப் வேலை என்றாலே சனம் வாயைப் பிளந்தது. வின்சென்றும் விட்டுக்கொடுக்காமல், "நான் ஓர்கெஸ்ட்ராவில" என்று கோயில் வாசலில் சொல்லிவைத்திருந்தார். பொய்யில்லை. அந்த வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்க எண்பது கதிரை போடுவதும், பியானோ தள்ளுவதும், முடிந்தபின் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றுவதும் அவர்தான். முதுகைக் கேட்டால் சொல்லும்.

"உள்ளதைச் சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி லூசியா.

"கதிரை தூக்கிறவன்ர வீட்டில ஆர் பெண் எடுப்பினம்?"

"டாட், லிசன்..." என்றாள் றோஷினி.

"நீ சும்மா இரு பிள்ளை."

மத்தியூவுக்குப் போன் போட்டார். "தம்பி, நான் பின்னுக்கு நிக்கிறனான். கீழ இருந்தால் தெரியாது. ஏன் வீண் அலைச்சல்?"

"அதுக்கென்ன, மேல் மாடிக்கு மாத்திறன். பெடியன்ர பைனாகுலரும் கிடக்கு."

மறுநாள் காய்ச்சல் என்றார். "அப்ப இப்பவே சூப்போட வாறம்" என்றார் மத்தியூ. காய்ச்சல் அந்தக் கணமே இறங்கிவிட்டது.

கடைசியில், தாள வாத்தியக்காரன் ஜெஃப்பின் காலில் விழாத குறை. ஜெஃப் இரங்கினான். "ஒரு முக்கோணத் தாளக் கம்பி தருகிறேன். என் பக்கத்தில் நில். ஆனால் அடித்துத் தொலைக்காதே!"

வெள்ளிக்கிழமை. செத்தவீடுகளுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு வின்சென்ற் மேடையில் நின்றார். மேல் மாடியில் பைனாகுலர் மின்னியது. முதற்பாதி, கம்பி அசையாமல் கழிந்தது.

பிற்பாதியில் ஜாஸ் குழுவொன்று வந்து சேர்ந்துகொண்டது. ஜாஸ்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு: ஆளுக்காள் முறைவைத்துத் தனியே வாசிப்பார்கள். சாக்ஸபோன்காரர் யாரைக் காட்டுகிறாரோ அவருக்கு முறை. அவருடைய கை வயலினுக்குப் போனது, குழலுக்குப் போனது, ஜெஃப்பையும் தாண்டி வின்சென்றிடம் வந்து நின்றது. வெளிச்சமும் கூடவே வந்தது. ஜெஃப் கண்ணை மூடிக்கொண்டான்.

ஓட வழியில்லை. அந்த வழியில் பியானோவைத் தள்ளி வைத்ததே அவர்தான்.

அப்போது கைக்குத்தான் ஞாபகம் வந்தது: யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மாட்சுகளில் தகர வாளியில் போட்ட அடி. கம்பியில் தொடங்கினார். போதவில்லை. பக்கத்துக் கதிரைக்குத் தாவினார். எந்தக் கதிரையை எங்கே தட்டினால் என்ன சத்தம் வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஜாஸ் குழுவின் ட்ரம்காரன் சிரித்துக்கொண்டே சேர்ந்தான். முடிந்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார் வின்சென்ற். மத்தியூவும் மனைவி இவோனும் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். டெஸ்மன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடிச் சம்பந்தி?"

"திறம் அண்ணை" என்றார் மத்தியூ. "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரேல்லை."

வின்சென்றின் கையிலிருந்து கம்பி நழுவி விழுந்தது. "ஏன்? நான் பிழையா வாசிச்சிட்டனோ?"

இவோன் மூக்கை உறிஞ்சினாள். "நீங்கள் கதிரை தூக்கிற ஆள் எண்டு றோஷினி எங்களிட்ட முந்தியே சொன்னாள், அதைக் கண்ணால பாத்துத் துணிவு எடுக்கத்தான் அண்ணை வந்தனாங்கள். றக்பிக்காரரின்ர சேத்து உடுப்புத் தோய்க்கிற எங்கட பெடியனுக்கு, இனி எந்த முகத்தோட உங்களிட்டப் பெண் கேக்கிறது?"