கேலிபர் அண்ணன் காலியாக விட்ட கட்டம்

உலகத்தில் உள்ள ஓட்டைகளை எல்லாம் அளந்து பார்த்த ஒரே மனிதர் எங்கள் கேலிபர் அண்ணன்தான்.

திருமயத்தில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையின் காவலாளி அவர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். கேலிபர் என்றால் துப்பாக்கிக் குழாயின் உள் அகலம். அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிச் சொல்லியே அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது. நான் டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், எட்டிப் பார்ப்பார்.

"இடியாப்பம் ரொம்ப மெல்லிசு மேடம். இந்தக் கேலிபர்ல குண்டே கெடையாது."

அதற்கப்புறம் எங்கே தொண்டையில் இறங்குவது! நகைக் கடனுக்கு வந்த ஓர் ஆச்சியின் மோதிரத்தைப் பார்த்து, "இதுக்குள்ள பீரங்கியே போகும் ஆச்சி" என்று சொல்ல, ஆச்சி கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். மேனேஜர் அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அண்ணன் அசரவில்லை.

ஒரு நாள் துப்பாக்கி லைசன்ஸ் மனுவோடு என் மேசைக்கு வந்தார். என் கையெழுத்து அழகாம். பெயர்க் கட்டத்தில் 'மல்லிகா' என்று எழுதச் சொன்னார். அது அவர் மனைவி.

"ஒங்களுக்குன்னு நெனச்சேனே அண்ணே?"

"எங்க வீட்டுல சுடுறது அவுகதான் மேடம். நான் பை தூக்குறவன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டை சுடுதளத்தில் சுட்டுப் பழகும் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோன மல்லிகா அக்கா, விளையாட்டாகத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டு, இவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போது அண்ணனுக்கு என்ன பெருமை! அக்காவுக்கென்றே ஒரு ரைஃபிள் செய்ய திருச்சிக் கடையில் சொல்லியாகிவிட்டது. தோளில் வைக்கும் கட்டையை அக்காவின் கை நீளத்துக்கு அறுத்தாயிற்று. குழாய்தான் பாக்கி.

"கேலிபர் கட்டத்த மட்டும் விட்டுருங்க."

ஊருக்கே கேலிபர் சொன்ன மனிதர், அந்த ஒரு கட்டத்தை மூன்று மாதம் காலியாக வைத்திருந்தார். எழுதிவிட்டால் மாற்றுவதற்கு மறுபடி கலெக்டர் ஆபீஸ் வாசலில் தவம் கிடக்க வேண்டும். "இன்னைக்கு எழுதிரலாம் மேடம்" என்று காலையில் வருவார். "நாளைக்குப் பாப்போம்" என்று சாயங்காலம் போவார். எனக்கானால் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு திங்கட்கிழமை யூனிஃபார்ம் தோளில் மஞ்சள் கறையோடு வந்து நின்றார்.

"காலையில ஆஃப்பாயிலா?"

"இல்ல மேடம். பெரிய கேலிபரு."

விடிகாலையில் சுடுதளத்துக்குப் போய், தோளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் பச்சை முட்டையை வைத்துச் சுட்டுப் பார்த்தாராம்! பெரிய துப்பாக்கி உதைத்த உதையில் முட்டை கூழாகிவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து இன்னொரு முட்டையை மேசையில் வைத்தார்.

"இது சின்னக் கேலிபரு, பாயிண்ட் டூ டூல சுட்டது. கீறல்கூட இல்ல பாருங்க."

"எதுக்குண்ணே இந்த வேலை?"

"போன வருஷம் மொபெட்லேர்ந்து விழுந்து அவுகளுக்குத் தோள் எலும்பு ஒடஞ்சுருச்சு. உள்ள தகடு வச்சிருக்கு. லேசா அதிர்ந்தாப் பரவாயில்ல, பலமா அதிர்ந்தா அப்புறம் துப்பாக்கியையே தொட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவுகளுக்கோ பெருசு மேலதான் ஆசை. அவுக தோள்ல வச்சா சோதிச்சுப் பாக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பேனாவை எடுத்து, பாயிண்ட் டூ டூ என்று எழுதினேன்.

கையெழுத்துப் போட வந்த அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஏங்க, இதுக்குக் காக்காகூடப் பயப்படாது."

"காக்கா பயப்படாட்டிப் போகுது. நான் பயப்படாம நிக்கணும்ல?"

அக்கா என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

லைசன்ஸ் வந்து, ரைஃபிளும் வந்த பிறகு, முதல் குண்டைப் பார்க்க என்னையும் சுடுதளத்துக்குக் கூப்பிட்டார்கள். அக்கா குப்புறப் படுத்துக் குறி பார்த்தார். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சுட்டாயிற்று. அண்ணனின் கண் அக்காவின் தோளை விட்டு நகரவே இல்லை.

"ஒண்ணும் வலிக்கலைங்க" என்றார் அக்கா.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்க பட்டுச்சு மேடம்? நான் பாக்கல."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் அவரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.