மச்சான் தோட்டத்து ஆரஞ்சு

"மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுக்குள்ள வித்துக் காட்டுங்க. இல்லேன்னா இந்த ராக்கைக் காலி பண்ணிடுங்க" என்றார் மேனேஜர்.

பழப் பிரிவு சூப்பர்வைசர் அவர் பின்னாலேயே ஓடினார். அந்த சூப்பர் மார்க்கெட்டில் உள்ளூர்ப் பழத்துக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு ராக்தான். மற்றதெல்லாம் கப்பலில் வந்த ஆப்பிள், விமானத்தில் வந்த திராட்சை, பெயரைச் சொல்லவே பயிற்சி வேண்டிய பழங்கள். வாசலுக்கு நேரே, தனி விளக்கு வெளிச்சத்தில் வெளிநாட்டு ஆரஞ்சு மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளூர் ஆரஞ்சோ கடைசி மூலையில், துடைப்பங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அங்க வச்சா யார் கண்ணுல சார் படும்?"

"படக் கூடாதுன்னுதானே அங்க வச்சிருக்கு!"

சூப்பர்வைசரின் கவலை பழத்தைப் பற்றி மட்டும் இல்லை. அது அவருடைய மச்சானின், அதாவது மனைவியின் தம்பியின், தோட்டத்துப் பழம். "வேன் ஓட்டினது போதும்டா. ஆரஞ்சு போடு. விக்கிறது என் பொறுப்பு" என்று சொல்லி அவன் வேலையை விட வைத்ததே இவர்தான். ராக் போனால் மச்சான் நடுத்தெருவில் நிற்பான். அதற்கப்புறம் இவர் சொந்த வீட்டில் எந்த மூஞ்சியோடு நிற்பது?

ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை அவர் மனைவி ஒரு பெரிய பையோடு கடைக்கு வந்து, யாரோ எவரோ போல, மூலை ராக்கில் இருந்த பழத்தையெல்லாம் வழித்து வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அப்படியே. மேனேஜரின் புருவம் உயர்ந்தது.

"பரவாயில்லையே! இனிமே ரெண்டு மடங்கு வரவழைங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் பின்வாங்குகிற ஆளா அவர்? உடனே போன் போட்டார்.

"ரெண்டு மடங்கா மாமா?" மச்சானின் குரல் உள்ளே போயிற்று.

"என்னடா இழுக்கறே? முடியுமா, முடியாதா?"

"நீங்க எனக்காக இவ்வளவு பாடுபடறீங்க. முடியாதுன்னு சொல்வேனா? வந்துடும் மாமா."

சொன்னபடியே வந்தது. இந்த முறை மனைவி ஒருத்தியால் அள்ள முடியவில்லை. மாடி வீட்டுக்காரர், டெய்லர், மனைவியோடு யோகா கற்கும் நாலு பேர் என்று ஒரு படையே திரண்டது. ஆளுக்கொரு பையும் பணமும் கொடுத்து, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது என்று கண்டிஷனும் போட்டு அனுப்பினார். ராக் காலி. மேனேஜர் பூரித்துப் போய், "இன்னும் கூட்டுங்க" என்றார்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஆரஞ்சு, பீரோவில் ஆரஞ்சு, வாஷிங் மெஷினுக்குள்ளும் ஆரஞ்சு. துணியைக் கையால் துவைத்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

"அப்பா, இது எப்ப முடியும்?"

"ஜெயிச்சதும் முடியும். இந்தா, ஒண்ணு சாப்பிடு. நம்ம மண்ணுல விளைஞ்ச ருசி எதுக்கு வரும்? கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் நான் சொல்லிடுவேன்."

"என் தம்பிக்காகப் போகுதேன்னு பார்க்கிறேன்" என்றாள் மனைவி. "வேற எதுக்காவது சீட்டுப் பணத்துல கை வைக்க விட்டிருப்பேனா?"

அவளுக்காகவாவது ஜெயித்தே தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் மாசக் கடைசி நெருங்கும்போது மேனேஜர் புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்க பழம் ஏறுது, ஒத்துக்கறேன். ஆனா வெளிநாட்டு ஆரஞ்சும் கூடவே ஏறுதே! ரெண்டுல எது முந்துதோ அதுக்குத்தான் இடம். இன்னொண்ணு கிளம்பிட வேண்டியதுதான்."

சூப்பர்வைசர் படையைப் பெரிதாக்கினார். உள்ளூர் ஆரஞ்சு நாலு கூடை கூடுதலாகப் போனது. வெளிநாட்டு ஆரஞ்சும் நாலு கூடை கூடுதலாகப் போனது. இவர் ஆறு கூடை ஏற்றினார். அதுவும் ஆறு கூடை ஏறியது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் நிழல் மாதிரி பின்னாலேயே வந்தது.

பொறுக்க முடியாமல் கேஷியர் பெண்ணிடம் போய் நின்றார்.

"வெளிநாட்டு ஆரஞ்சை யாரும்மா இப்படி அள்ளறது?"

"ஒரு அம்மா சார். நீங்க ஷிப்ட் முடிஞ்சு கிளம்பினதும் வருவாங்க. விலையைக்கூடப் பார்க்க மாட்டாங்க."

ஒரே ஒரு அம்மா! அவரை மட்டும் நம் பக்கம் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகவில்லை. துடைப்பங்களுக்குப் பின்னால் நின்று, பேசவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். உள்ளூர் விவசாயி, அவன் வியர்வை, அவன் குடும்பம் என்று வரிசையாக அடுக்கியதில் அவருக்கே கண் கலங்கியது.

அந்த அம்மா வந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு டிராலிகளில் வெளிநாட்டு ஆரஞ்சை மளமளவென்று நிரப்பினார். சூப்பர்வைசர் கையைக் கூப்பிக்கொண்டு பக்கத்தில் போனார்.

"அம்மா, ஒரு நிமிஷம். நம்ம ஊர் விவசாயியைக் கொஞ்சம் நினைச்சு..."

அவள் திரும்பினாள். மச்சானின் மனைவி!

கூப்பிய கையை அவர் உதறினார்.

"நீயா! உன் புருஷன் அங்க தோட்டத்துல உயிரைக் குடுத்துக்கிட்டிருக்கான். அவன் பழத்தை விக்க நான் இங்க நாயா பேயா அலையறேன். நீ என்னடான்னா வெளிநாட்டுப் பழத்தை டிராலி டிராலியா அள்ளறே! உனக்கே நல்லா இருக்காம்மா?"

அவள் கடைசி நாலு பழத்தையும் எடுத்து டிராலியில் போட்டாள்.

"தோட்டம் காலியாகி ரெண்டு வாரம் ஆச்சுண்ணா. நீங்கதானே தினமும் கூட்டிக் கூட்டிக் கேக்கறீங்க? கொஞ்சம் வழியை விடுங்க, இத்தனைக்கும் ஸ்டிக்கரை உரிச்சுக் காலையில உங்களுக்குத்தான் அனுப்பணும்!"