முதுமரக் குரல் படலம்

வாழ்க மூக்குக்கண்ணாடிக் கடை வேந்தர்! ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துத் தம் கண்முன் கிடப்பதைக் காணாத கூர்நோக்கினர். பதினான்கு கித்தார் வாங்கிப் பதினான்கையும் வாசியாது காத்த பெருந்திறலோர். அவர் புகழ் பாடப் புகும் என் நாவில் சொல்லுக்குரிய தெய்வம் சற்றே சம்மணமிட்டு அமர்க. வேலை கொஞ்சம் இருக்கிறது.

அவ்வேந்தரின் கருவூல மணியோ அறுபதாண்டு கண்ட எலெக்ட்ரிக் கித்தார். மேற்பலகை மேடிட்டு, உள்ளே வெற்றிடமாய், மார்பின் இருபுறமும் நெளிந்த துளையிரண்டு தாங்கி, வாரந்தோறும் மனைவி குனிந்து துடைக்கப் பொலிவது. அதன் மூன்றாம் கம்பியைத் தொட்டால் 'கிர்' என்றோர் அதிர்வு எழும். மூன்றாண்டுக்கு முன் அதனைக் கண்டறிந்தவர் வேந்தரே. "இது முதுமரக் குரல். காசு குடுத்தா வராது, காலம்தான் குடுக்கணும்" என்று அவர் முழங்க, வந்த சேகரிப்பாளர்கள் கண்மூடித் தலையாட்டிச் செல்வர்.

ஹோட்டல் மேடைகளில் வாசித்துப் பிழைக்கும் மைத்துனன் மட்டும் ஆட்டவில்லை. மொட்டைத் தலைக்கு எதுக்கு அத்தான் சீப்பு என்று குடும்பத்தார் நடுவே கேட்டுவிட்டான். பொறுப்பாரோ வேந்தர்! பதினொரு திங்கள் பயின்று ஒரே ஒரு மெட்டை வென்றார். இன்று மாலை ஐந்து மணிக்கு மைத்துனன் தன் குழுவோடு வந்து, தாமே மீட்டும் முதுமரக் குரலைக் கேட்டுப்போக ஆணையிட்டார்.

நாலரைக்கு நேர்ந்தது அக்கொடுமை. ஒத்திகையின் உச்சத்தில், கம்பி மீட்டும் பிளாஸ்டிக் துண்டாகிய பிக், விரல் வழுவித் துளைவழியே கித்தாரின் வயிற்றுள் பாய்ந்தது. வெகுண்டெழுந்த வேந்தர் டார்ச்சென்னும் சுடர்வாள் ஏந்தி, கடையிலிருந்து வந்த இடுக்கியென்னும் வேலை ஓச்சி, குப்புறக் கிடந்தும் மல்லாந்து கிடந்தும் பொருதார். பகையோ கோட்டைக்குள் கடகடவென நகைத்து மூலைக்கு மூலை ஓடிற்று. தலைகீழாகப் பிடித்து உலுக்கச் சொன்னாள் மனைவி. தோட்டுத் திருகாணி ஒன்றைத் தொலைத்ததற்காக உறவினர் கூடிய சபையில் 'பொறுப்பில்லாதவள்' என்னும் பட்டத்தை அவர் வாயாலேயே பெற்று, மூன்றாண்டாய்ச் சுமப்பவள் அவள். அவள் சொல் அம்பலம் ஏறுமா? ஏறவில்லை. கால்மணி நேரம் கழித்து அதையே தம் யோசனையாக அறிவித்து, களிறு பிடுங்கிய மரமெனக் கித்தாரைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுழற்றினார்.

இரண்டு பொருள் விழுந்தன. ஒன்று பிக். மற்றொன்று உருண்டோடி மனைவியின் காலடியில் நின்றது. வேந்தர் அதனைப் பொருட்படுத்தவில்லை. வெற்றிக் களிப்பில் மூன்றாம் கம்பியை மீட்டினார். சுத்தமான நாதம் வந்தது, இசைக்கருவிக் கடையில் தொங்கும் எந்தக் கித்தாரிலும் வருவதுபோல. மீண்டும் மீட்டினார். 'கிர்' இல்லை. அறுபதாண்டு முதுமரம் ஊமையாயிற்று.

மனைவி குனிந்து அப்பொருளை எடுத்தாள். அதைப் பார்த்தாள், கித்தாரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இத்தன வருஷமா கிர்ருன்னது என் திருகாணியா?"

சபைகள் அதிர முழங்கிய அத்திருவாய் கெஞ்சிற்று.

"ஒரே ஒரு மணி நேரம்... அது உள்ளயே இருக்கட்டுமே?"

வாசல் மணி அடிக்கவே, அவள் திருகாணியைத் தன் காதுத் தோட்டில் திருகிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.