மீன்காரர் கோ வீட்டு மூன்று வாக்கியங்கள்

கீலுங்,
வியாழன், மழை

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு, தங்கை ரு-யிங் வணங்கி எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. ஆசிரியர் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு வீட்டுப்பாடத்தால் வந்தது. ஆங்கிலச் சொற்களை இருபது தடவை எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்கு மொழியே கசந்துவிடும், ஆர்வம் பொங்குகிற மாதிரி வேலை கொடுங்கள் என்று பயிற்சி முகாமில் சொல்லி அனுப்பினார்கள். நானும் ஆறாம் வகுப்புக்குக் கொடுத்தேன்: வீட்டில் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம், இரண்டு உண்மை, ஒன்று பொய், எது பொய் என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். வருஷம் முழுக்க வாய் திறக்காதவர்கள்கூடக் கை தூக்கினார்கள், அக்கா! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் மீன்காரர் கோவின் மகள் ஷு-யுன் எழுந்து வாசித்தாள். "என் அம்மா முன்பு லாரி ஓட்டினார். என் அம்மாவிடம் இரண்டு போன்கள் இருக்கின்றன. என் அம்மாவுக்கு என் அப்பாவைப் பிடிக்கும்." முப்பது பேரில் இருபத்தேழு பேர் மூன்றாவதுதான் பொய் என்றார்கள். நான் வேறு கைதட்டிப் பாராட்டினேன். விடை சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

இன்று மதியம், பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் நேரம், கோ ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார். ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, வலது கை முதுகுக்குப் பின்னால். அந்தக் கை தினமும் என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினேன்; சுவர் வந்துவிட்டது.

"டீச்சர், பசங்க வாக்கெடுப்பு நடத்துனாங்களாமே? சந்தை முழுக்கப் பேச்சு."

"அது... இலக்கணப் பயிற்சி, சார்."

"லாரி ஓட்டுனது நிஜம். கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டா. ரெண்டாவது போன் பொய்யா இருந்துட்டா நான் பொழச்சேன்னு நெனச்சேன். காலைல அரிசி டப்பாவுல இது இருந்துச்சு." கையை நீட்டினார். கத்தி இல்லை, போன். "அப்ப மூணாவதுதானே பொய்? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

அவர் அழுதுவிடுவாரோ என்பது, அடித்துவிடுவாரோ என்பதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அதற்குள் அவர் மனைவி மெய்-சுன் நனைந்தபடி ஓடிவந்தாள்.

"லாரிதான் பொய்யி! நான் லாரில ஏறினதுகூட இல்ல. அன்னிக்கு நீ பெருசா பீத்திக்கிட்டிருந்த, நானும் ஒண்ணு எடுத்து விட்டேன்."

"பதினாலு வருஷமாவா? அப்ப இந்தப் போன் யாருக்கு?"

"திருமதி டெங்குக்கு."

கோவின் வாய் பிளந்தது. எதிரே புதுக் கடை வந்து வியாபாரம் படுத்தபோது, வாரம் தவறாமல் கணவாயும் கானாங்கெளுத்தியும் போனில் செய்தி அனுப்பி வாங்கிய ஒரே வாடிக்கையாளர் திருமதி டெங். மெய்-சுன்தான் அந்தத் திருமதி டெங். டெங் வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, மீனை எல்லாம் தன் தங்கையின் மீன் உருண்டைக் கடையில் கொடுத்திருக்கிறாள்.

"என் மீனோட அருமை தெரிஞ்ச ஒரே பொம்பளைன்னு ஊரெல்லாம் சொன்னேனே!"

"தெரியும். எங்கிட்டயே நாலு தடவ சொன்ன."

கோ விரல் விட்டு எண்ணினார். "லாரி பொய். போன் நிஜம். அப்ப மூணாவது நிஜம்!" அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, அக்கா. மெய்-சுன் "கடைய யாரு பாக்குறா?" என்று மட்டும் கேட்டு, அவரை இழுத்துக்கொண்டு போனாள். இனிமேல் இருபது தடவை எழுதச் சொல்வதோடு சரி.

அத்தானும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை
ரு-யிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஷு-யுன் வந்தாள். "டீச்சர், ரெண்டு பொய், ஒரு உண்மைன்னுதானே சொன்னீங்க? நான் சரியாத்தானே எழுதியிருக்கேன்?" என்றாள். முழு மதிப்பெண் போட்டு, கோ மறுபடி விரல் விட்டு எண்ணிவிடாதபடி நோட்டை என் மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.