முழங்காலளவு வாய்ப்பு

பொதுப்பணியில் இருப்போர் யாவரும் தமக்கென ஒரு வழிகாட்டியைத் தெரிவுசெய்து முன்னேற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தூத்துக்குடியில் மழைநீர் வடிகால்களைக் கவனித்துவந்த பொறியாளர் செல்வின் கீழ்ப்படிதலில் குறை வைக்காதவர். அன்றே உன்னதன் மாஸ்டரைத் தெரிவுசெய்தார். மாஸ்டரை அவர் நேரில் பார்த்ததில்லை. ஊரில் யாருமே பார்த்ததில்லை. செல்போனில் வருவார், பின்னால் புத்தக அலமாரி இருக்கும், "எழு தோழா!" என்பார். செல்வின் எழுந்துவிடுவார்.

ஐப்பசி மழையில் உப்பளத்துப் பக்கம் மேலத்தெரு முங்கியது. மளிகைக்கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் அரிசி மூட்டைகள் நனைந்தன. பக்கத்தில் இசக்கிசெல்வி நடத்தும் மாவு மில்லில் தவளை குடியேறியது. இருவரும் செல்வினிடம் ஓடினார்கள்.

"சார், தெருவுல தண்ணி நிக்கி. பெரிய பிரச்சினை."

செல்வின் காதைப் பொத்திக்கொண்டார். "அந்தச் சொல்லே ஆகாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். வாய்ப்புன்னு சொல்லுங்க."

அண்ணாச்சி அரிசியை நினைத்துப் பொறுத்துக்கொண்டார். "சரி சார். எங்க தெருவுல வாய்ப்பு முழங்காலளவு நிக்கி."

"மில்லுக்குள்ளயும் வாய்ப்பு புகுந்துட்டு. மோட்டாரு முங்கிட்டு. வாய்ப்ப உறிஞ்சி வெளிய விட ஒரு பம்பு அனுப்புங்க சார்" என்றாள் இசக்கிசெல்வி.

செல்வினுக்குக் கண் கலங்கியது. "இதான் வளர்ச்சி!" என்றார். "மேலத்தெரு மக்களுக்குப் போதிய வாய்ப்பு வழங்கப்பட்டுள்ளது" என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேலிடம் பாராட்டியது. பம்பு வரவில்லை.

மறுநாள் வாய்ப்பு தொடையைத் தொட்டது.

"இவரு நம்ம பேச்சக் கேக்க மாட்டாரு. மாஸ்டரு சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள் இசக்கிசெல்வி. கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து மேலத்தெரு முழுக்க மாஸ்டரின் நேரலையில் சேர்ந்தது. அண்ணாச்சி பவ்வியமாக ஆரம்பித்தார். "ஐயா, செல்வின் சாருட்ட ஒரு வார்த்த சொல்லணும். பம்பு..."

"தோழா! யாரோ வந்து காப்பாற்றுவார் என்று காத்திருக்காதே. உன் வழியை நீயே வெட்டு!"

மேலத்தெருவுக்கு மெய்சிலிர்த்தது. கடப்பாரையோடு இறங்கி ரோட்டைக் குறுக்கே வெட்டினார்கள். தண்ணீர் குதித்தோடிக் கீழத்தெருவுக்குள் பாய்ந்தது. செல்வின் வந்து, மக்கள் பங்கேற்பு என்று படம் பிடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அந்தத் தெருக்காரி விக்டோரியா முன்னால் வர, கீழத்தெரு கம்போடு வந்தது.

"ஏலே, எவம்லே ரோட்ட வெட்டுனது?"

"கோவப்படாதிய தாயி. எங்க மாஸ்டரு சொன்னாரு" என்றார் அண்ணாச்சி.

"எந்த மாஸ்டரு?"

"உன்னதன் மாஸ்டரு."

விக்டோரியாவின் கம்பு தாழ்ந்தது. "எங்களுக்கும் அவருதான அண்ணாச்சி! 'உனக்கென எல்லை வகு, அடுத்தவன் அழுக்கை உள்ளே விடாதே'ன்னு கோடையிலயே சொன்னாரு. அதாம் ஒங்க தெருத் தண்ணி எங்க வழியா கடலுக்குப் போற வடிகால அடச்சிச் சொவரு வச்சோம்."

மேலத்தெருவில் தண்ணீர் ஏன் நின்றது என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் குரு சொல்லி எழுப்பிய சுவரை இடிப்பது மரியாதையாகுமா? ஆகாது என்பதில் இரண்டு தெருவுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஒரே குருவின் பிள்ளைகள் அடித்துக்கொள்வதும் அழகில்லை. கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

பிறகு செல்வின் தலைமையில், தண்ணீரைத் திருப்பிவிட எல்லோருமாகக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தெற்குத்தெருவைப் பார்த்து நடந்தார்கள். அங்கே யாருக்கும் இன்னும் குரு அமையவில்லை.